கவுன்சிலிங் போகிறவர்கள் கவனத்துக்கு: டிஷ்யூ எடுத்துக் கொடுத்தது நான்

திருச்சியில் ஒரு தனியார் கவுன்சிலிங் சென்டருக்கு ஏழு மாதம் போய் வந்தேன். பதினெட்டு செஷன், கட்டியது 33,000 ரூபாய். எந்த சென்டர், யார் அந்த மேடம் என்று தனியாகக் கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. அவர் போலி இல்லை. சுவரில் மாட்டியிருந்த சைக்காலஜி முதுகலைப் பட்டம் உண்மையானதுதான். ஆளும் அன்பானவர். அதனால்தான் எனக்கு விஷயம் பிடிபட ஏழு மாதம் ஆனது.

போன வருடம் எனக்கு இரண்டாவது முறையாகக் கரு கலைந்தது. பதினோராவது வாரம். அதோடு தூக்கம் போனது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சமையல்கட்டில் மளிகை டப்பாக்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர்தான் நாலு பேரிடம் விசாரித்து நம்பர் வாங்கி வந்தார். 50 நிமிடத்துக்கு 1,500 ரூபாய்.

முதல் இரண்டு செஷன் நன்றாகவே போனது. மூன்றாவதில் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். லால்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்து, என் தலைமாட்டில் உட்கார்ந்து, "விடுடி, அடுத்தது தங்கும்" என்றாள் அம்மா. அந்த ஒரு வார்த்தை எனக்கு ஆறவேயில்லை. அதைச் சொன்னதும், குறிப்பு எழுதிக்கொண்டிருந்த மேடம் பேனாவை மூடி வைத்தார். "உங்க அம்மா எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து பேச்சு முழுக்க அம்மாதான். சின்ன வயதில் அடித்தாளா, தம்பிக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று பார்த்தாளா, கல்யாணத்தில் என்ன சொன்னாள். எந்த வீட்டில்தான் இதெல்லாம் இல்லை? தோண்டினால் வரும். வந்தது.

ஆறாவது செஷனில் அவர் அழுதார். எனக்குச் சொல்ல வந்த ஏதோ உதாரணத்தில் தொடங்கி, தன் அம்மாவின் கதைக்குப் போய், நடுவில் குரல் உடைந்துவிட்டது. அந்தக் கதையை இங்கே எழுத மாட்டேன், அது அவருடையது. (என் ரகசியத்தை அவர் காக்க வேண்டிய இடத்தில் அவர் ரகசியத்தை நான் காத்துக்கொண்டிருக்கிறேன், பாருங்கள்.) மேஜையில் என் பக்கம் இருந்த டிஷ்யூ டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன். இரண்டு தாள் உருவிக்கொண்டார். "விடுங்க மேம், அதெல்லாம் முடிஞ்சு போச்சு" என்றேன். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து நாற்பது. என் நேரத்தில் பத்து நிமிடம் பாக்கி இருந்தது, அதுவும் அப்படியே போனது. வெளியே வரும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது என்பதுதான் வேடிக்கை. துக்க வீட்டில் தலையைக் காட்டிவிட்டு வந்தால் ஒரு நிம்மதி வருமே, அது.

பிறகு நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். அம்மாவைப் பற்றி நல்லதாக ஒன்று சொன்னால் அந்த முகம் சுருங்கும், குறை சொன்னால் மலரும். இடுப்புக்கு பலம் வேண்டும் என்று அம்மா களிக்கு உளுந்து மாவு அரைத்து, கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கி வந்தேன். அதை அந்த அறையில் சொல்லவேயில்லை. டீச்சருக்குப் பிடித்த பதிலை ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி அம்மாவின் குற்றங்களாகத் தேடி எடுத்துக்கொண்டு போனேன்.

"அந்த உறவைக் கட் பண்ணாம நீங்க குணமாக மாட்டீங்க" என்றார். அம்மா நம்பரை பிளாக் செய்தேன். நாலு மாதம். இடையில் அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கூடப் போனது எதிர்வீட்டு அக்கா. தம்பி சொல்லித்தான் எனக்கே தெரியும். மனசு கேட்காமல் செஷனில் சொன்னேன். "போகாம இருந்தீங்க பாருங்க, அதுதான் முன்னேற்றம்" என்றார்.

பழி முழுவதையும் அவர் தலையில் போட மாட்டேன். பிளாக் பட்டனை அழுத்தியது என் விரல்தான். ஆனால் நான் அங்கே போனது தூக்கத்துக்கு. கலைந்துபோன இரண்டு பிள்ளைகளுக்கு. ஒவ்வொரு செஷன் முடிந்ததும் நோட்டில் நாலு வரி எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. ஆபரேஷன் விஷயம் பேசிய அன்று ராத்திரி அதைப் புரட்டினேன். பதினெட்டு செஷனில் குழந்தையைப் பற்றிப் பேசியது இரண்டே முறை.

கொஞ்ச நாள் நிறுத்திக்கொள்கிறேன் என்று மெசேஜ் போட்டேன். ராத்திரி பதினொன்றேகாலுக்கு வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: "எல்லாரையும் மாதிரி நீயும் பாதியில விட்டுட்டுப் போற." அதுவரை அவர் என்னை ஒரு முறைகூட "நீ" என்றதில்லை. அந்த வரி எனக்கு எழுதியதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அன்று தூங்க முடியாமல் 14416க்கு அடித்தேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கிறார்கள், தமிழில் பேசுகிறார்கள், காசு கிடையாது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். ஓ.பி. சீட்டு, பெஞ்சில் இரண்டு மணி நேரம், மேலே கடகடக்கும் ஃபேன், எல்லாம் உண்டு. ஆனால் அங்கிருந்த க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் முதல் நாளே கேட்டார்: "குழந்தைக்கு ஏதாவது பேர் யோசிச்சிருந்தீங்களா?" ஏழு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி.

நடந்ததைச் சொன்னபோது அவர் பதறவுமில்லை, அந்த மேடத்தைத் திட்டவுமில்லை. "எங்களுக்கும் புண் இருக்கும்மா. அது கிளறினா நாங்க சூப்பர்வைசர்கிட்ட எடுத்துட்டுப் போகணும், உங்ககிட்ட இல்ல" என்றார். இதற்குக் கவுன்ட்டர்-ட்ரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயராம். எதிரே இருப்பவரின் கதை தெரபிஸ்டின் சொந்தக் கதையைத் தொட்டு எழுப்பிவிடுவது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஃப்ராய்டு 1910லேயே இதைப் பேசியிருக்கிறார்: தன் உள்சிக்கல்கள் விடுகிற தூரம் வரைக்கும்தான் ஒரு மருத்துவரால் போக முடியும் என்று. நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். தெரபிஸ்ட் தான் பார்க்கிறவர்களைப் பற்றி ஒரு மூத்த தெரபிஸ்டிடம் பேசி வழிகேட்பதற்கு சூப்பர்விஷன் என்று பெயர், அது வழக்கத்தில் இருப்பதும் இதற்காகவும்தான். தெரபிஸ்ட் தன் வாழ்க்கையில் நடந்ததை ஒரு வரி சொல்வதே தப்பு என்று நினைக்க வேண்டாம். சில நேரம் அது உதவும். அந்தக் கதை முடியும்போது தேறுதல் யாருக்குத் தேவைப்படுகிறது என்று பாருங்கள்.

போகப்போகிறவர்கள் முதல் நாளே "நீங்க யார்கிட்ட சூப்பர்விஷன் போறீங்க?" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைத்திருந்தால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும், 1992ஆம் வருடச் சட்டம் அது. எண்ணைக் கேட்டு வாங்கி அவர்கள் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். நான் போன இடத்து போர்டில் வெறுமனே "சைக்கோதெரபிஸ்ட்" என்றுதான் இருந்தது. கவுன்சிலிங் தருகிறவர்களையும் மருத்துவம் சார்ந்த தொழில்களின் பட்டியலில் சேர்த்து 2021ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஆனாலும் நம் ஊர்த் தெருவில் அப்படி போர்டு மாட்டுகிறவரை யாரும் நிறுத்திக் கேட்பதாகத் தெரியவில்லை. கவுன்சிலிங்கே வேண்டாம் என்று இதைப் படித்து யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். நான் இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

பேக்கேஜ் மட்டும் போடாதீர்கள். முதல் நாலு செஷன் தனித்தனியாகக் கட்டினேன். பிறகு பத்துக்கு 13,500 என்றார்கள், தள்ளுபடி என்று நினைத்து இரண்டு முறை கட்டினேன். இரண்டாவதில் ஆறு செஷன் மிச்சம், 8,100 ரூபாய். கேட்டு இரண்டு மெயில் போட்டாயிற்று. முதல் மெயிலுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, "உங்கள் கோபம் உண்மையில் யார் மேல் என்று யோசித்துப் பாருங்கள்" என்று வந்திருக்கிறது.