பேன் சீப்பா, பெர்மெத்ரினா, சீத்தாப்பழ விதையா?

சேலத்துச் சந்தைகளில் சீத்தாப்பழம் குவியும் நாள்களில், தின்றபின் மிஞ்சும் விதைகளைக் காயவைத்துப் பிள்ளைகளின் தலைப்பேனுக்கென எடுத்துவைக்கும் வழக்கம் இன்னும் உண்டு. அந்த விதைப்பொடி பேனைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் எண்ணெயில் குழைத்துத் தடவிய பொடி நெற்றி வழியே இறங்கிக் கண்ணில் பட்டால், கருவிழியின் மேற்பரப்பைப் புண்ணாக்கிக் கடும் வலியையும் பார்வை மங்கலையும் உண்டாக்கும். ஆறு வயதுக் குழந்தையைக் கண்ணைக் கசக்காமல் உட்காரவைக்க யாராலும் முடியாது என்பதால், இதை நான் முதலிலேயே விலக்கிவிடுகிறேன். தோலைப் புண்ணாக்கி, எளிதில் தீப்பற்றவும் கூடிய மண்ணெண்ணெயும், வாய்க்குள் போனால் வலிப்பு வரச்செய்யும் கற்பூரமும் அவ்வாறே.

எஞ்சுபவற்றில் முதலாவது, மருந்துக்கடையில் கிடைக்கும் 1 சதவீத பெர்மெத்ரின். எண்ணெய்ப்பசை போகத் தலையை அலசித் துவட்டிய பின், முடி முழுவதும் தடவி 10 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். ஒரே மாலையில் வேலை முடிவதால், விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் தாய்மார்களுக்கு இது பெரிய உதவி. ஆயினும் இம்மருந்து பேனைக் கொல்லுமே தவிர ஈரை முழுமையாக அழிக்காது. இட்ட ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். பொரிந்த குஞ்சு வளர்ந்து மறுபடி ஈர் வைப்பதற்குள், 9ஆம் நாளில், இரண்டாம் முறை தடவ வேண்டும். சில பேன்கள் இம்மருந்துக்கு மசியாமல் போவது உண்மையே எனினும், அந்த முடிவுக்கு வருமுன் 9ஆம் நாள் தவறவிடப்பட்டதா என்று பார்ப்பது நல்லது.

இரண்டாவது, நம் பாட்டிமார் அறிந்த பேன் சீப்பு. ஈரத்தலையில் கண்டிஷனர் தடவி, முடியைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை வாரி, ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். 1, 5, 9, 13 ஆகிய நாள்களில் விடாமல் வாரி, 17ஆம் நாளில் ஒருமுறை சோதிக்க வேண்டும். சீப்புக்கு எதிராகப் பேன் எந்தத் தற்காப்பையும் வளர்த்துக்கொள்ள முடியாது என்பதே இதன் பெரிய பலம், கைக்குழந்தைக்கும் பொருந்தும். பொறுமையும் நேரமும்தான் இதற்குக் கொடுக்கும் விலை. மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் ஈரத்தலையோடு பிள்ளையை அரைமணி நேரம் உட்காரவைப்பது கொடுமை. அங்கே விடுமுறை நாளின் உச்சிவெயிலில் வாருவதோ, பெர்மெத்ரினில் தொடங்கி இடைநாள்களில் உலர்தலையில் வாருவதோ உகந்தது. சமவெளியில் என் தேர்வு சீப்பே. இரண்டும் பலிக்காதபோது மருத்துவர் ஐவர்மெக்டின் மாத்திரை தரலாம். ஆனால் 15 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்கு அது ஆகாது.

தடுப்பைப் பொறுத்தவரை, பேன் பறக்காது, தாவாது. தலையோடு தலை ஒட்டும்போதுதான் ஏறும். ஆகவே மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, விரித்துவிட்ட முடியைவிட நல்ல காப்பு. தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளில் இறந்துவிடும் என்பதால், வீட்டுத் துணி அனைத்தையும் வெந்நீரில் போட வேண்டியதில்லை. தலையணை உறையும் துண்டும் போதும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தவும் தேவையில்லை. மலைமேல் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் அடுத்தடுத்துப் படுத்துறங்கும் பிள்ளைகளையும், வீட்டில் பேத்தியை அணைத்துப் படுக்கும் பாட்டியையும் ஒரே நாளில் பார்த்து, பேன் உள்ள எல்லோருக்கும் அன்றே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.