நீரில் நிற்கும் மரத்துக்கு எந்த பிலிம்?

பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலத்தில் மரத்தைப் படமெடுக்கப் போனால், பாதை எங்கே விடுகிறதோ அங்கேதான் முக்காலி. பலகைப் பாதையை விட்டு இறங்கினால் சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும் சுவாச வேர்கள் நசுங்கும். அடைகாக்கும் பறவை கூட்டை விட்டு எழும். மறைக்கும் கிளையை ஒடிப்பதைப் பற்றி நினைக்கவே கூடாது. இடத்தை மாற்ற வழியில்லாதபோது, பிலிமைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

ஆசை காட்டுவது ஸ்லைடு பிலிம், அதாவது கழுவியதும் பிலிமிலேயே நேரான வண்ணப் படம் தெரியும் வகை. ஃபியூஜி வெல்வியா 50 காட்டும் பாசிப் பச்சைக்கு ஈடு கிடையாது. ஆனால் ஸ்லைடு தாங்கும் ஒளி வேறுபாடு ஏறத்தாழ 5 ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது). வெயிலில் பளிச்சிடும் நீருக்கும் நனைந்த பட்டைக்கும் இடையே அதைவிட அதிகம் வந்துவிடும். ஒருமுறை நீரின் ஒளியை அளந்து எடுத்தேன். நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, பட்டையில் இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்த நத்தை முட்டைக் கொத்துக்காகவே அந்தப் படம். கழுவி வந்த ஸ்லைடில் அடிமரம் முழுக்கக் கரியாக இருந்தது, முட்டைகளைக் காணவில்லை. மேகம் மூடிய நாளுக்கு மட்டுமே இனி ஸ்லைடு.

அந்த முட்டைக் கொத்தைக் காப்பாற்றித் தருவது வண்ண நெகட்டிவ். 400 வேகம் கொண்ட கோடக் போர்ட்ரா 400ஐ ஒளிமானியில் 200 என்று வைத்து, அதாவது இரு மடங்கு ஒளி கொடுத்து, நிழலில் இருக்கும் பட்டையை அளந்தால் போதும். நீரின் வெளிச்சத்தையும் அது தாங்கிக்கொள்ளும். பச்சை சற்று அடங்கித்தான் வரும். எனக்கு அது குறையாகப் படவில்லை.

ஆனாலும் மரத்தின் உருவம்தான் வேண்டுமென்றால் கருப்பு வெள்ளையைத்தான் எடுப்பேன். இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ், கூடவே மஞ்சள்-பச்சை பில்டர். ஏறத்தாழ ஒரு ஸ்டாப் போகும். பதிலுக்கு இலைகள் வெளுத்து, தண்டு தனியே எழுந்து நிற்கும். சிவப்பு பில்டர் இலையை இருட்டாக்குவதோடு 3 ஸ்டாப்பையும் விழுங்கிவிடும். 400 வேக பிலிம் 50 ஆகிப்போனால் கிளைகளின் அடர்நிழலில் என்ன செய்வது? விடியலுக்கு முன் இன்னொரு கணக்கும் உண்டு: நீண்ட நேரம் திறந்திருந்தால் பிலிமின் உணர்திறன் குறையும் என்பதால், ஒளிமானி 10 வினாடி என்றால் இந்த பிலிமுக்கு 20 வினாடி தர வேண்டும். அதற்குள் பலகையில் ஒருவர் நடந்தாலே முக்காலி அதிரும். காலடி ஓசை அடங்கும்வரை காத்திருந்துதான் ஷட்டரைத் திறக்கிறேன். 20 டிகிரி செல்சியஸ் கரைசலில் வீட்டிலேயே கழுவலாம் என்பதும் பெரிய வசதி. வண்ண நெகட்டிவுக்கு 37.8 டிகிரி பிசகாமல் நிற்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, பட்டையின் நுணுக்கத்துக்கு, சாதாரண 35 மி.மீ. பிலிமைவிட அகலமான 120 சுருள்தான். சதுரச் சட்டத்தில் 12 படங்கள்தான் கிடைக்கும் என்பதால் பாதையிலேயே சுருள் மாற்ற நேரிடும். அப்போது கிழித்தெடுக்கும் காகிதப் பட்டை காற்றில் பறந்து நீரில் விழுந்துவிடும். அதைச் சட்டைப் பைக்குள் போட்ட பிறகுதான் புதுச் சுருளைக் கையில் எடுப்பேன்.