பென்சில்வேனியாவில் முன்னோரைத் தேட: பிறப்பா, திருமணமா, இறப்பா, எந்தப் பதிவு முதலில்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் குடும்ப வரலாறு தேடுபவர்கள் பெரும்பாலும் இறப்புச் சான்றிதழில்தான் கைவைக்கிறார்கள். எளிதில் கிடைக்கிறது. ஒரே பக்கத்தில் தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த தேதி, தொழில், அடக்கம் செய்த கல்லறை என எல்லாம் வந்துவிடுகிறது. என் மருமகளின் தாய்வழி முன்னோர் அந்த மாநிலத்தின் வடகிழக்கில், ஸ்க்ரான்டன் பக்கத்து நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய வம்சாவளியை அவளோடு சேர்ந்து எழுதி முடித்தபோது எனக்கு ஓர் உறுதியான கருத்து ஏற்பட்டுவிட்டது. ஒரே ஒரு தாளைத்தான் வாங்க முடியும் என்றால், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நீதிமன்றத்தில் இருக்கும் திருமண உரிமப் பதிவையே, அதாவது மணம் செய்ய முன்கூட்டிப் பெற்ற அனுமதியின் பதிவையே, வாங்க வேண்டும். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் காலக்கணக்கு. இது தெரியாமல் தேடினால் இல்லாத பதிவுக்காக மாதக்கணக்கில் அலைய நேரும். மாநிலம் முழுவதற்குமான பிறப்பு, இறப்புப் பதிவு 1906 ஜனவரி 1 அன்றுதான் தொடங்கியது. மாசசூசெட்ஸ் இதே வேலையை 1841லேயே தொடங்கிவிட்டது. பென்சில்வேனியாவில் அதற்கு முன் 1852 முதல் 1854 வரை கவுண்டிகளில் ஒரு முயற்சி நடந்து கைவிடப்பட்டது. பிறகு 1893 முதல் 1905 வரை கவுண்டி அளவில் பிறப்பும் இறப்பும் எழுதப்பட்டன. அந்த விவரங்களைத் திரட்டியவர்கள் வரி மதிப்பீட்டாளர்கள். குழந்தை பிறந்த கையோடு எழுதியதல்ல, அவர்கள் சுற்றில் வந்தபோது வீட்டில் இருந்தவர் நினைவிலிருந்து சொன்னது. திருமணத்துக்கு மட்டும் 1885 அக்டோபர் 1 முதல் கவுண்டி உரிமம் கட்டாயமானது. ஆகவே சுரங்கங்களுக்கும் எஃகு ஆலைகளுக்கும் ஐரோப்பியர் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிய அந்த இருபது ஆண்டுகளில், ஒழுங்காக நடந்த அரசுப் பதிவு திருமணப் பதிவுதான்.

இப்போது இறப்புச் சான்றிதழுக்கு வருவோம். 1906க்குப் பிந்தைய படிவத்தின் அமைப்பு நன்றாகவே இருக்கிறது. இறந்தவரின் வயது, மணமானவரா, தொழில் என்ன, தந்தையின் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், இருவரும் எந்த நாட்டில் பிறந்தவர்கள் என்று வரிசையாகக் கேட்கிறது. இத்தனை கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் இறந்துபோய்விட்டார் என்பதே இதன் அடிப்படைச் சிக்கல். படிவத்தில் 'தகவல் தந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. தேடுபவர்கள் முதலில் படிக்க வேண்டிய கட்டம் அது. அங்கே மனைவி பெயர் இருக்கலாம், மகன் பெயர் இருக்கலாம். சுரங்க ஊர்களில் பல நேரம் தங்கும் விடுதி நடத்தியவர் பெயரும், மருத்துவமனையின் பெயரும்கூட இருக்கும். கடல் கடந்து வந்த ஒருவரின் தாய் எந்த வீட்டுப் பெண் என்று அவருடைய விடுதிக்காரருக்கு எப்படித் தெரியும்?

என் மருமகளின் கொள்ளுப்பாட்டி ஒருவரின் இறப்புச் சான்றிதழில் தகவல் தந்தவர் அவருடைய மருமகன். தாயின் பெயர் என்ற இடத்தில் 'தெரியாது' என்று இருந்தது. பிறந்த இடம் 'ஆஸ்திரியா'. பிறந்த தேதி துல்லியமாக நாள், மாதம், ஆண்டோடு எழுதப்பட்டிருந்தது. மற்ற எல்லாப் பதிவுகளோடும் ஒப்பிட்டால் அந்தத் தேதி நான்கு ஆண்டு பிந்தியது. தேதி துல்லியமாக இருப்பதாலேயே அது சரியானதாகிவிடாது. சான்றிதழில் நம்பக்கூடியவை இறந்த தேதி, மருத்துவர் எழுதிய காரணம், கல்லறையின் பெயர் ஆகியவை. கல்லறைப் பெயரை லேசாக எண்ணிவிடக் கூடாது. ஸ்லோவாக் கத்தோலிக்கர் கல்லறையா, லிதுவேனியர் கல்லறையா, ரூதேனிய கிரேக்கக் கத்தோலிக்கர் கல்லறையா என்பது தெரிந்தால் எந்தத் தேவாலயத்தின் பதிவேட்டைத் திறக்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

காரணம் எழுதும் கட்டத்தில் அந்த ஊர்களின் வரலாறே இருக்கிறது. 'சுரங்கத் தொழிலாளியின் ஆஸ்துமா' என்று திரும்பத் திரும்ப எழுதியிருப்பார்கள். நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து மூச்சை அடைத்த நோய்க்கு அன்று அதுதான் பெயர். படிக்கப் படிக்க மனம் கனத்துப்போகும். ஆனால் எல்லோருக்கும் பெயர் எழுதிய சான்றிதழ் கிடைத்துவிடவும் இல்லை. 1907 டிசம்பர் 19 அன்று வெஸ்ட்மோர்லாண்ட் கவுண்டியின் டார் சுரங்கம் வெடித்து 239 பேர் மாண்டார்கள். அன்று பழைய நாட்காட்டிப்படி புனித நிக்கோலாஸ் திருநாள். வேலைக்குப் போகாமல் தேவாலயத்துக்குப் போனதால் உயிர் தப்பியவர்கள் பலர். இறந்தவர்களில் 71 பேர் ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். அவர்களில் 49 பேர் இன்னார் என்று அடையாளமே தெரியாதவர்கள். அப்படிப்பட்ட ஒருவரின் வழிவந்தவர் தேடும்போது இறப்புப் பதிவு கைவிட்டுவிடும். அவர் உயிரோடு வந்து நின்று பெயர் சொன்ன ஏதாவது ஒரு பதிவுதான் வேண்டும்.

திருமண உரிமப் பதிவு அப்படிப்பட்டது. மணமக்களே சத்தியப் பிரமாணம் செய்து பதில் சொல்கிறார்கள். பெயர், வயது, பிறந்த இடம், தற்போது வசிக்கும் ஊர், தொழில், முன்பு மணமானவரா, ஆம் என்றால் அந்த மணம் மரணத்தால் முடிந்ததா, விவாகரத்தால் முடிந்ததா, எந்தத் தேதியில் என்று கேள்விகள் போகின்றன. மணமக்கள் இருவரும் இரத்த உறவா என்றுகூட ஒரு கேள்வி உண்டு. பிந்தைய ஆண்டுகளின் படிவங்களில் இரு தரப்புப் பெற்றோரின் பெயர்களும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும், அவர்கள் பிறந்த இடமும் சேர்ந்துவிட்டன. ஒரே பதிவில் இரண்டு குடும்பங்கள் கிடைக்கின்றன. வயதைக் கூட்டியோ குறைத்தோ சொன்னவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் தன் தாயின் பெயரைத் தானே சொல்பவரின் வாக்குக்கும், மாமியாரின் தாய் பெயரை யோசித்துச் சொல்லும் மருமகனின் வாக்குக்கும் உள்ள தூரம் பெரியது.

இருபத்தொரு வயது நிரம்பாதவர் என்றால் இன்னும் நல்லது. பெற்றோர் சம்மதம் வேண்டும், அதற்குத் தனித் தாள். நான் மேலே சொன்ன கொள்ளுப்பாட்டிக்கு மணம் நடந்தபோது அவருக்கு இருபத்தொன்று ஆகவில்லை. சம்மதத் தாளில் அவருடைய தந்தையின் பெயரை எழுத்தர் எழுதியிருக்க, நடுவில் ஒரு கோணலான பெருக்கல் குறி. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் பேனாவை அழுத்திப் பிடித்துப் போட்ட குறி அது. மை ஓரிடத்தில் குளமாகத் தேங்கிக் காய்ந்திருந்தது. மகள் திருமணத்தின்போது அவர் உயிரோடு இருந்தார், அமெரிக்காவில் இருந்தார், அந்தக் கவுண்டி நீதிமன்றத்துக்கு நேரில் வந்தார் என்ற மூன்று செய்திகளும் அந்த ஒரு குறியில் கிடைத்தன. என் மருமகள் அந்தத் தாளை வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

இந்தப் பதிவின் குறை, அது கவுண்டிவாரியாகச் சிதறிக் கிடப்பதுதான். மாநிலத்தில் 67 கவுண்டிகள். ஒவ்வொன்றிலும் ஆர்ஃபன்ஸ் கோர்ட் எனப்படும் நீதிமன்றப் பிரிவின் எழுத்தரிடம் தனித்தனிப் பேரேடுகள். குடியிருந்த கவுண்டியில்தான் மணம் நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எல்லை தாண்டிப் போனவர்களும் ஏராளம். 1920களிலும் 1930களிலும் அவசரத் திருமணத்துக்குப் பெயர்போன ஊர் மேரிலாந்து மாநிலத்தின் எல்க்டன். பிலடெல்பியாவிலிருந்து அங்கே ஜோடி ஜோடியாகப் போனார்கள். 1938இல் மேரிலாந்து 48 மணிநேரக் காத்திருப்பைக் கொண்டுவந்த பிறகுதான் அது தணிந்தது. பிலடெல்பியாக்காரர் ஒருவரின் திருமணம் அந்த ஆண்டுகளில் எங்கும் அகப்படவில்லை என்றால், எல்க்டன் இருக்கும் செசில் கவுண்டியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கவுண்டி எல்லைகளும் மாறியிருக்கின்றன. ஸ்க்ரான்டன் இருக்கும் லாக்கவானா கவுண்டி 1878இல்தான் லூசர்ன் கவுண்டியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய நீதிமன்ற ஆவணம் வேண்டுமென்றால் லூசர்னின் தலைநகரான வில்க்ஸ்-பாரிக்குத்தான் போக வேண்டும்.

பிறப்புச் சான்றிதழைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிகழ்வுக்கு மிக அருகில், மருத்துவரோ மருத்துவச்சியோ எழுதியது என்பதால் தேதிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் 1906க்கு முன் பிறந்தவருக்கு மாநிலச் சான்றிதழ் இல்லை. தொடக்க ஆண்டுகளில் கிராமத்துப் பிறப்புகள் பல பதிவாகவும் இல்லை. ஒரு கட்டத்துக்காக மட்டும் அதைத் தவறவிடக் கூடாது: இந்தத் தாய்க்கு இது எத்தனையாவது பிள்ளை, இப்போது எத்தனை பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்கும் கட்டம். ஏழாவது பிள்ளை, உயிரோடு நான்கு என்று இருந்தால், குடும்பத்தில் யாரும் பேசாத மூன்று குழந்தைகளைத் தேடத் தொடங்கலாம். 1940களில் கவுண்டிகளில் பதிவான தாமதப் பிறப்புப் பதிவுகள் வேறு வகை. ஓய்வூதியத்துக்கும் போர்க்காலத் தொழிற்சாலை வேலைக்கும் வயதுச் சான்று தேவைப்பட்டபோது, நடுவயதைத் தாண்டியவர்கள் பழைய ஆவணங்களைக் காட்டித் தங்கள் பிறப்பைப் பதிந்துகொண்டார்கள். காட்டப்பட்ட ஆதாரம் என்ன என்று அதில் எழுதியிருக்கும். அது பெரும்பாலும் ஒரு தேவாலயப் பதிவேட்டைச் சுட்டும்.

அரசுப் பதிவுக்கு உண்மையான போட்டி தேவாலயப் பதிவேடுதான். 1885க்கு முன் போகிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஒரு விஷயத்தில் அது திருமண உரிமத்தையே வென்றுவிடுகிறது: கிராமத்தின் பெயர். அரசு எழுத்தருக்கு நாட்டின் பெயர் போதும். அதனால் ஒரே மனிதர் ஓரிடத்தில் ஆஸ்திரியாவிலும் இன்னோரிடத்தில் ஹங்கேரியிலும், முதல் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவிலும் பிறந்தவராகிவிடுகிறார். பங்குச்சாமியாரோ அதே பகுதியிலிருந்து வந்தவர், ஊர் பெயர்களை அறிந்தவர். அந்தக் கொள்ளுப்பாட்டியின் ஊர், இன்றைய கிழக்கு ஸ்லோவாக்கியாவில் பழைய சாரோஷ் பகுதியைச் சேர்ந்த சிறு கிராமம் என்பது தேவாலயத் திருமணப் பதிவேட்டில்தான் தெரிந்தது. ஞானஸ்நானப் பதிவில் வரும் ஞானப்பெற்றோர் பெயர்களையும் விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் அவர்கள் சித்தப்பாவோ அத்தையோ, அதே ஊர்க்காரரோதான்.

பழைய ஜெர்மானியக் குடும்பங்களுக்கு லூத்தரன், சீர்திருத்த சபைப் பதிவேடுகளோடு, வண்ணச் சித்திரங்கள் தீட்டிய குடும்பப் பிறப்பு-ஞானஸ்நானப் பத்திரங்களும் உண்டு. அமெரிக்கப் புரட்சிப் போர் வீரர்களின் விதவைகள் ஓய்வூதியத்துக்கு ஆதாரமாக அவற்றை வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அவற்றில் பல இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளில் இருக்கின்றன. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் திருமணப் பத்திரத்தில் வந்திருந்த எல்லோரும் சாட்சிக் கையெழுத்திடுவார்கள். ஒரு சமூகமே ஒரு தாளில் நிற்கும். அந்தப் பதிவேடுகள் ஸ்வார்த்மோர், ஹேவர்ஃபோர்டு கல்லூரிகளில் காக்கப்படுகின்றன. குவேக்கர்கள் மாதங்களுக்குப் பெயர் எழுதாமல் எண் எழுதினார்கள். 1752க்கு முன் 'முதல் மாதம்' என்பது மார்ச். இது தெரியாமல் பிள்ளையைப் பெற்றோர் திருமணத்துக்கு முன்பே பிறக்க வைத்த வம்சாவளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

பிலடெல்பியா தனிக் கதை. நகரம் 1860 ஜூலை 1 முதலே பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் பதிந்தது. இறப்புக்கு மட்டும் 1803 வரை பின்னோக்கிச் செல்லும் கல்லறை அறிக்கைகளும் உண்டு. நகரத்துக் குடும்பம் என்றால் நான் மேலே சொன்ன ஆண்டுக்கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு நகரப் பதிவில் தொடங்கலாம். பிட்ஸ்பர்க்கிலும் 1870 முதல் நகரப் பதிவு இருக்கிறது.

எங்கே வாங்குவது என்பதிலும் போட்டி உண்டு. 2012 வரை 1906க்குப் பிந்தைய சான்றிதழ்களைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. 2011இன் 110ஆம் சட்டம் அதை மாற்றியது. பிறந்து 105 ஆண்டும், இறந்து 50 ஆண்டும் கடந்த சான்றிதழ்கள் ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்கு வந்துவிடுகின்றன. அவற்றின் படங்கள் சந்தா கட்டிப் பார்க்கும் வம்சாவளித் தளமான ஆன்செஸ்ட்ரியில் இருக்கின்றன. மாநிலவாசிகள் காப்பகத்தின் பக்கம் வழியாகப் போனால் சந்தா இல்லாமலே பார்க்கலாம். வெளியில் இருப்பவர்கள் முதலில் ஃபேமிலிசர்ச் தளத்தைப் பார்ப்பது மேல். பல கவுண்டிகளின் திருமணப் பேரேடுகளும் பிலடெல்பியாவின் 1803 முதல் 1915 வரையிலான இறப்புப் பதிவுகளும் அங்கே இலவசம். அந்தக் காலவரம்புக்கு உட்பட்ட புதிய சான்றிதழ் வேண்டுமென்றால் நியூ கேசிலில் உள்ள சுகாதாரத் துறைப் பதிவு அலுவலகத்துக்கு உறவுமுறையை நிரூபித்து விண்ணப்பிக்க வேண்டும். அதிலும் தேவையான தகவல் பழைய திருமணப் பதிவிலேயே கிடைத்துவிடுமானால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இணையத்தில் அகப்படும் திருமணப் பதிவு பெரும்பாலும் எழுத்தர் பார்த்தெழுதிய பேரேட்டுப் பக்கம். மணமக்களின் கையெழுத்தும் பெற்றோர் சம்மதத் தாளும் அதில் இல்லாமல் போகலாம். உரிம எண்ணைப் பேரேட்டிலிருந்து குறித்துக்கொண்டு, அந்த எண்ணுக்குரிய மூல விண்ணப்பம், சம்மதத் தாள், மணம் முடித்துவைத்தவர் திருப்பி அனுப்பிய சான்று ஆகிய மூன்றின் நகலையும் கவுண்டி எழுத்தரிடம் பெயர் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். 'திருமணச் சான்றிதழ்' என்று பொதுவாகக் கேட்டால், மணம் நடந்தது என்பதை மட்டும் உறுதிசெய்யும் அச்சிட்ட அரைப்பக்கம்தான் தபாலில் வரும். மணம் முடித்துவைத்தவரின் பெயர் கிடைத்ததும் அவர் எந்தத் தேவாலயத்தில் இருந்தார் என்று அந்த ஆண்டின் நகர முகவரிப் புத்தகத்தில் பார்த்து, அடுத்த கடிதத்தை அந்தத் தேவாலயத்துக்கு எழுதலாம்.