ஆர்க்கா, பிஎல்சியா? அமெரிக்க மக்காச்சோள விவசாயியின் மானியக் கணக்கு

அயோவா, இல்லினாய் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவருக்கு அரசிடம் மானியம் வாங்க இரண்டு வழி இருக்கிறது: வருமானம் குறைந்தால் ஈடு தரும் ஆர்க் (ARC), விலை குறைந்தால் ஈடு தரும் பிஎல்சி (PLC). விலை ஏறினாலும் இறங்கினாலும் வருடாவருடம் கொடுத்துவந்த நேரடி மானியத்தை நிறுத்திவிட்டு, 2014 வேளாண் சட்டம் கொண்டுவந்தவை இவை. ஒரு பயிருக்கு ஏதாவது ஒன்றைத்தான் எடுக்கலாம்.

பிஎல்சி புரிந்துகொள்ள எளிது. சட்டத்திலேயே ஒரு விலை இருக்கும். 2014-இல் மக்காச்சோளத்துக்கு அது புஷலுக்கு (சுமார் 25 கிலோ) 3.70 டாலர். நாட்டின் சராசரி விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு தரும். நம்மூர் ஆதரவு விலை மாதிரிதான், ஆனால் இதற்காக அரசு ஒரு மூட்டைகூட கொள்முதல் செய்யாது.

ஆர்க் விலையோடு விளைச்சலையும் பார்க்கும். உங்கள் வயலின் விளைச்சலை அல்ல, உங்கள் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சராசரியை. விலை, விளைச்சல் இரண்டுக்கும் ஐந்து வருட எண்களில் உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு மற்ற மூன்றின் சராசரியை எடுப்பார்கள். அந்த இரண்டு சராசரியையும் பெருக்கினால் வருவதுதான் ஆர்க்கின் அளவுகோல். 2014 சட்டப்படி, கவுண்டியின் ஏக்கர் வருமானம் அதில் 86 சதவீதத்துக்குக் கீழே போனால் பணம் வரும், அதுவும் அந்த அளவுகோலில் அதிகபட்சம் 10 சதவீதம்தான். ஆலங்கட்டி மழை உங்கள் வயலை மட்டும் அழித்தால் ஆர்க் கண்டுகொள்ளாது.

முதல் வருடமே வேடிக்கை. 2012 வறட்சியில் விலை எகிறியிருந்ததால் ஆர்க்கின் சராசரி விலை 5.29 டாலராக நின்றது. 2014 அறுவடையின் விலையோ சரியாக 3.70. பிஎல்சிக்காரருக்கு ஒரு காசு இல்லை! வழக்கமாக 160 புஷல் விளையும் கவுண்டியில் அந்த வருடமும் 160 விளைந்திருந்தால், ஆர்க்கில் ஏக்கருக்கு சுமார் 72 டாலர் வரும். அதே வழக்கம் உள்ள பக்கத்துக் கவுண்டியில் அமோகமாக 200 விளைந்திருந்தால் அங்கே பூஜ்யம். நடுவில் இருப்பது ஒரு சாலைதான். அந்தப் பக்கத்துக்காரர் தன் வயலில் 200 எடுக்காதவராகவும் இருக்கலாம்.

மக்காச்சோள நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆர்க்கைத்தான் எடுத்திருந்தார்கள். நிலக்கடலைக்காரர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் பிஎல்சி. அதற்குச் சட்டத்தில் வைத்த டன்னுக்கு 535 டாலர் என்ற விலை அவ்வளவு தாராளமாக இருந்தது.

ஆனால் அந்த முடிவை 2018 வரை மாற்ற முடியாது. 2017-க்குள் ஆர்க்கின் சராசரி விலை 3.95-க்கு இறங்கிவிட்டது, சந்தை விலை 3.36. அதே 160 புஷல் கணக்கில் ஆர்க் தந்திருக்கக்கூடியது ஏக்கருக்கு சுமார் 5 டாலர், பிஎல்சி 46. ஆர்க்கின் குறை இதுதான்: விலை தொடர்ந்து சரிந்தால் அதன் அளவுகோலும் கூடவே சரியும்.

இரண்டிலும் பணம் பழைய சாகுபடிப் பதிவில் உள்ள ஏக்கருக்குத்தான், அதிலும் 85 சதவீதத்துக்கு. மேலே சொன்ன ஏக்கர் கணக்கெல்லாம் இதைக் கழித்தவை. மக்காச்சோளப் பதிவுள்ள நிலத்தில் சோயா போட்டாலும் மக்காச்சோள மானியம் வரும். கையில் வந்து சேர அடுத்த வருட அக்டோபர் ஆகிவிடும். விதைக்கடனுக்கு இதை நம்பி உட்கார முடியாது.

2021-இலிருந்து வருடாவருடம் மாற்றிக்கொள்ளலாம். 2025 ஜூலையில் வந்த சட்டம் பிஎல்சியின் மக்காச்சோள விலையை 4.10 டாலர் ஆக்கியது, சந்தைச் சராசரி நன்றாக இருந்தால் அது 15 சதவீதம் வரை ஏறவும் செய்யும். ஆர்க்கிலும் 86 சதவீதம் 90 ஆனது, 10 சதவீதம் 12 ஆனது. 2025 பயிருக்குத் தலைவலி இல்லை, இரண்டில் எது அதிகமோ அதைத் தானாகவே தருகிறார்கள். 2026-இலிருந்து மறுபடி தேர்வு.

மழையும் மண்ணும் கைவிடாத இல்லினாயில் நிலம் இருந்தால் நான் பிஎல்சி பக்கம்தான் சாய்வேன். அங்கே பயமுறுத்துவது விலை. மேற்குக் கான்சாஸில் மழையை நம்பிக் கோதுமை போடுகிறவர் என்றால் ஆர்க்கைத் தள்ளிவிட முடியாது. விலை நன்றாக இருக்கும்போதே அங்கே கவுண்டி முழுக்க விளைச்சல் படுத்துவிடும். அப்போது பிஎல்சியில் எதுவும் வராது.