18,000 ரூபாய் போனது போகட்டும், மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களே!

மதுரைப் பக்கம் கல்யாண மண்டபங்களில் 'இலவச ஞாபகசக்தி முகாம்' என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்துகிறார்கள். பேப்பருக்குள் வைத்து நோட்டீஸ் வரும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. கொஞ்ச காலமாக மறதி. பால்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் மறுபடியும் எண்ணி எடுத்து வைப்பார். அம்மாவும் மாமாவும் பயந்துபோய் முகாமுக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே ரத்தம் எடுக்கவில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. வயது, உயரம், எடையை லேப்டாப்பில் தட்டிக்கொண்டு, வயர் மாட்டிய ஓர் உலோகக் குழலைக் கையில் பிடிக்கச் சொன்னார்கள். ஓரிரு நிமிடத்தில் கல்லீரல், எலும்பு, கண், விட்டமின், மூளை ரத்த ஓட்டம் என்று கட்டுக்கட்டாக ரிப்போர்ட். மூளை சம்பந்தப்பட்ட வரிகள் எல்லாம் சிவப்பு. பி12 மட்டும் பச்சையில் 'நார்மல்'.

'குவாண்டம் அனலைசர்' என்று ஆன்லைனில் தேடினால் இந்த மெஷின் சில ஆயிரங்களுக்குக் கிடைக்கும். உள்ளங்கையில் ஒரு குழலைப் பிடித்தால் மூளை ரத்த ஓட்டமோ விட்டமின் அளவோ தெரியாது. அப்படி அளக்க வழியே கிடையாது. ஆனால் அச்சடித்த எண்ணும் வரைபடமும் கையில் வந்தால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடுகிறது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பையன் வேறு, "அப்பா, இப்படியே விட்டா அம்மா பேரே மறந்துடும்" என்றானாம். அம்மா அங்கேயே கார்டைக் கொடுத்துவிட்டார்.

கிடைத்தது சூரணம், காப்ஸ்யூல், தலைக்குத் தைலம், ஓர் உணவுப் பட்டியல். காப்ஸ்யூலில் வல்லாரை, நீர்ப்பிரமி, அஸ்வகந்தா, ஜின்கோ (ஒரு சீன மரத்தின் இலைச்சாறு) என்று போட்டிருந்தது. ஜின்கோவை அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன மூவாயிரம் பேரிடம் ஆண்டுக்கணக்கில் சோதித்துப் பார்த்து, டிமென்ஷியா என்ற மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-லேயே முடிவு வெளியானது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடக் கூடாது என்று டாக்டர்கள் எச்சரிப்பதும் உண்டு. வல்லாரைத் துவையல் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நன்றாகவே இருக்கும். அதைக் காப்ஸ்யூலில் அடைத்து இந்த விலைக்கு விற்பதுதான் பிரச்சினை.

பொடியை விட மோசம் அந்த உணவுப் பட்டியல். பால், தயிர் கூடாது. காலையில் வெறும் வயிற்றில் தேங்காய் எண்ணெய். 'மூளை சுத்தமாகும் வரை' ஆங்கில மாத்திரை எதுவும் வேண்டாம். அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு, பி.பி.யும் உண்டு. இரண்டுக்குமான மாத்திரைகளையும் நிறுத்தினார். ஒருநாள் காலை தலைசுற்றி வாசலில் உட்கார்ந்துவிட்டார். பி.பி. எகிறியிருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே சர்க்கரைக்கு என்ன மாத்திரை, எத்தனை வருஷமாக என்பதுதான். மெட்ஃபார்மின், பல வருஷமாக. அதை நீண்ட காலம் சாப்பிட்டால் பி12 விட்டமின் குறையலாமாம், அது குறைந்தால் மறதி வரலாமாம். அப்பா சுத்த சைவம், அவருக்கு பி12 கிடைப்பதே பாலிலும் தயிரிலும்தான். அதையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்! ரத்தப் பரிசோதனையில் பி12 அடிமட்டம். மறதிக்கு இன்னொரு காரணமாகக்கூடிய தைராய்டு சரியாக இருந்தது. ஊசி போட ஆரம்பித்துச் சில மாதங்களில் மறதி நன்றாகக் குறைந்துவிட்டது. எல்லா மறதியும் இப்படித் திரும்பாது, ஆனால் திரும்பக்கூடியதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பி.பி., சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே மூளைக்குப் பாதுகாப்பு என்றும் சொன்னார். டிமென்ஷியா அபாயத்தைக் குறைக்க நாம் மாற்றக்கூடியவை என்று 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை எல்லாம் அதில் வருகின்றன.

சரி, பணம்? போன் செய்தால், "கோர்ஸ் முடிக்கலையே, அப்புறம் எப்படிப் பலன் தெரியும்?" என்றார்கள். பிறகு எடுப்பதே இல்லை. பில்லில் உள்ள முகவரியில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. டப்பாவில் சித்த மருந்துக்கான உரிம எண் இல்லை, உணவுப் பொருளுக்கான 14 இலக்க எண்தான். உணவு என்று உரிமம் வாங்கிவிட்டு நோய் தீரும் என்று விற்கக் கூடாது. மூளை நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறோம், இன்னும் முடிவு வரவில்லை. பில்லில் 'ஹெல்த் சப்ளிமெண்ட்' என்று மட்டும்தான் இருக்கிறது. மறதி நீங்கும் என்ற வாசகம் இருப்பது நோட்டீஸில். எங்கள் வீட்டில் அதில் பருப்புக் கொட்டி வைத்துவிட்டு எறிந்துவிட்டார்கள். உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். புகாரோடு இணைக்க அதுதான் கேட்கிறார்கள்.