குறுஞ்சான்றிதழ்களை வகுப்புக்குள் கொண்டுவந்த அனுபவம்

டிஜிட்டல் திறன்களுக்கான குறுஞ்சான்றிதழ் படிப்புகளை, அதாவது ஏதாவது ஒரு திறனைக் கற்றுத்தந்து சான்றிதழ் தரும் குறுகிய படிப்புகளை, கல்லூரிப் பாடத்தோடு சேர்த்து நடத்தலாமா என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தாராளமாக நடத்துங்கள், ஆனால் சான்றிதழ் வாங்கியதற்காக மதிப்பெண் போடாதீர்கள். ராமநாதபுரம் கடலோரத்தில் வணிகவியல் கற்பிக்கிறேன். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு ஏதாவது ஒரு படிப்பை என் தாளோடு இணைத்துத்தான் நடத்தி வருகிறேன்.

ஊரடங்கில் சான்றிதழ் மலிந்துபோனது. இணையக் கருத்தரங்கில் பெயரைப் பதிந்து, முடிவில் ஒரு படிவத்தை நிரப்பினால் போதும், வண்ணச் சான்றிதழ் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். அவற்றைக் கோப்புக் கோப்பாகச் சேர்த்தவர்கள் மாணவர்கள்கூட அல்ல, ஆசிரியர்கள்தாம். எனவே எந்தப் படிப்பைப் பார்த்தாலும் முதலில் நான் கேட்பது, இதை முடிக்கும் மாணவர் கையில் என்ன செய்துகாட்டுவார் என்பதைத்தான்.

அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் நன்றாகத் தாக்குப்பிடித்தது ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல். ஏறக்குறைய பத்து நிமிடக் காணொளிகள், பலவற்றுக்குத் தமிழ்க் குரல். ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். திரையின் ஒரு பாதியில் காணொளி, மறுபாதியில் மென்பொருள். பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். அதில் நாங்கள் கற்கும் லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் தொகுப்பு இலவசம் என்பதால் உரிமக் கட்டணத்துக்காக நிர்வாகத்திடம் நிற்க வேண்டியதில்லை. கைபேசி மட்டுமே வைத்திருக்கும் மாணவருக்கு அந்தப் பாதித் திரை உதவாது என்பதுதான் குறை. ஆய்வக நேரம் ஒதுக்காமல் இதைத் தொடங்காதீர்கள்.

2003இல் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல் என்ற இணையப் படிப்புத் திட்டம் ஆழமானது. வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75 என்ற கணக்கால் சான்றிதழுக்கு ஒரு கனமும் உண்டு. ஆனால் பாம்பன் பாலம் தாண்டி வரும் மாணவி மதுரையில் தேர்வு எழுத வேண்டுமென்றால் கட்டணம், பஸ், துணைக்கு ஒருவர் என்று வீட்டில் ஒரு பேச்சுவார்த்தையே நடக்கும். ஆர்வமுள்ள சிலருக்கு மட்டும் பரிந்துரைக்கிறேன். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்பிடெல் படிப்புகளும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாகப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை சொல்கிறது. அதற்குக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் முன்கூட்டியே ஒப்புதல் தந்திருக்க வேண்டும்.

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய, தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் திட்டத்தால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், திறன் படிப்பு கால அட்டவணைக்குள் வந்துவிட்டது. "இது எதுக்கு சார்?" என்ற கேள்வி நின்றது.

தனியார் தளங்கள் படிப்பை முடித்தவருக்குத் தரும் பேட்ஜ்களை (டிஜிட்டல் முத்திரைகளை) நான் இறுதியில்தான் வைப்பேன். மொசில்லா 2011இல் முன்வைத்த ஓப்பன் பேட்ஜ் முறையில், யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்ற விவரம் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் நாங்கள் பயன்படுத்திய ஒரு தளம் திட்டத்தை மாற்றியதும் பழைய சரிபார்ப்பு இணைப்புகள் திறக்கவில்லை. வேலைக்கு விண்ணப்பித்த பழைய மாணவர் ஒருவர் தவித்துப்போனார். இப்போது எல்லோரும் பிரதியை இறக்கி டிஜிலாக்கரிலோ பென் டிரைவிலோ வைத்தாக வேண்டும்.

இனி மதிப்பெண் விஷயம். விரிதாளில் சராசரி காண எந்தச் சார்பு (function) என்று படிப்பின் தேர்வில் கேட்பார்கள். எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அந்த விடைக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. அவரவர் வீட்டுக் கணக்கை லிப்ரே ஆபீஸின் விரிதாளான கால்க்கில் ஏற்றிக் கொண்டுவரச் சொல்கிறேன். மீன் ஏலக் கணக்கு, கருவாட்டு வியாபாரம், மிளகாய் மண்டி, பெட்டிக்கடை, எதுவானாலும் சரி. அங்கேதான் பாடம் தொடங்குகிறது. ஒரே நெடுவரிசையில் கிலோவும் பெட்டியும் கலந்து கிடக்கும். வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் போட்டால் கூட்டுத்தொகை கண்டபடி வரும்.

இதைவிடச் சுவையானது காலிக் கட்டம். ராமேசுவரம் பக்கம் கடலுக்குப் போக விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள். விசைப்படகில் போகும் அப்பாவின் பங்கு அந்த மூன்று நாளில் 1,200, 900, 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மற்ற நாள்களைக் காலியாக விட்டால் கால்க் தரும் சராசரி 1,200. அதே கட்டங்களில் சுழியம் இட்டால் 514. மென்பொருள் காலிக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காது, சுழியத்தைச் சேர்க்கும். எது சரி என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். கடலுக்குப் போன நாளின் வருமானமா, குடும்பம் சாப்பிட்ட நாளின் வருமானமா? வங்கிக் கடன் விண்ணப்பத்தில் எதை எழுதுவது? ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தையும் ஆண்டுக் கணக்கில் சேர்த்தால் விவாதம் மணி அடித்த பிறகும் தொடரும். வருவாய்ச் சராசரியைப் பாடநூலிலிருந்து நடத்தியபோது இந்த வேகத்தை நான் பார்த்ததில்லை.

நகல் எடுத்தவரைக் கண்டுபிடிப்பது எளிது. கோப்பைத் திறந்து ஒரு எண்ணை மாற்றிவிட்டு, வேறு எந்தக் கட்டங்கள் மாறும் என்று கேட்பேன். சொந்தக் கணக்கு என்றால் பதில் உடனே வரும். ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. பெரிய வகுப்புக்கு இது பெரும் சுமை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்து மாலைகள் போய்விடும்.

நேரக் கணக்கும் இறுக்கமானது. தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் ஒரு கிரெடிட்டுக்கு (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) 30 மணி நேரம். வாரம் 2 மணி நேர ஆய்வகம், 15 வாரம் என்றால் சரியாக 30, மிச்சம் கிடையாது. கல்லூரிக்கு வெளியே கணினி இல்லாத மாணவருக்கு இதற்கு மேல் வழியும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு விடுமுறை விட்டால் கணக்கு உடைந்துவிடும். ஆகவே இந்தப் படிப்புகளை இப்போது இரட்டைப்படைப் பருவத்தில், பொங்கலை ஒட்டித்தான் தொடங்குகிறேன்.