பேசில்: டப்பா இலையை விடத் தொட்டிச் செடியே மேல்

பக்கத்து நர்சரியில் வாங்கிய இத்தாலிய பேசில் (நம்ம துளசிக்குச் சொந்தமான சமையல் மூலிகை) செடி கொடுத்த காசுக்கு மேலேயே தருகிறது. சூப்பர் மார்க்கெட் டப்பா இலை ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் கறுத்துவிடும், இதற்குக் குளிரே ஆகாது. செடியில் கணுவுக்கு மேலே கிள்ளினால் போதும், அங்கிருந்தே இரண்டு கிளை வருகிறது. பூ வந்தால் மட்டும் உடனே கிள்ளிவிடுங்கள், விட்டால் இலை கசக்கும். தக்காளி சாஸில் அடுப்பை அணைத்த பிறகுதான் போட வேண்டும், கொதித்தால் வாசனை போச்சு. பேசில் இலையை அரைத்துச் செய்யும் இத்தாலிய சட்னியான பெஸ்டோவுக்குப் பைன் கொட்டை கட்டுப்படியாகாது, முந்திரியே போதும். டீக்கு ஏழெட்டு இலையைக் கசக்கிப் போட்டு, வெந்நீர் ஊற்றி, 5 நிமிடம் மூடி வையுங்கள். துளசி டீயின் காரம் இல்லை, லேசான இனிப்பு, அப்புறம் சோம்பு மணம், அருமை! நர்சரி மண் மட்டும் வெறும் களி, தண்ணீர் தேங்குகிறது, வாங்கியதும் மாற்றிவிடுங்கள்.